குரோவேஷிய மொழியில் ஒரே வினைக்கு இரண்டு சொல்: எப்போது எதைச் சொல்வது?

அடுப்படி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. குரோவேஷியத் தலைநகர் ஸாக்ரெபில் ஒரு உணவகச் சமையலறையில் வேலை பார்க்கிறேன், வந்து பதினோரு மாதம் ஆகிறது. வேலை முடிந்து வாரம் மூன்று நாள் மொழி வகுப்புக்குப் போகிறேன். முதல் நிலைத் தேர்வில் போன வாரம் பாஸ் ஆகிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் என்னோடு வேலை செய்யும் ஓர் அம்மாவிடம் "பொலாகாவோ ஸம் இஸ்பித்" என்று சொன்னேன். அவர் "அப்படியா, ரிசல்ட் எப்போது?" என்று கேட்டார். இல்லை, பாஸ் ஆகிவிட்டேன் என்று விளக்கிய பிறகுதான் கட்டிப்பிடித்து வாழ்த்தினார், அப்போது "பொலொஜியோ ஸம்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று திருத்தினார். என் நோட்டில் இந்த இரண்டு சொல்லுக்கும் எதிரே ஒரே ஆங்கிலச் சொல்லைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

இது ஒரு தடவை மட்டும் நடந்திருந்தால் விட்டிருப்பேன். தலைமைச் சமையல்காரர் "யேஸி லி ஸ்கூஹாவோ யூஹு?" என்று கேட்டார், சூப் வைத்தாயா என்று அர்த்தம். நான் "கூஹாவோ ஸம்" என்றேன். அவர் நேராக வந்து மூடியைத் திறந்து பார்த்தார். சூப் தயாராகத்தான் இருந்தது, என் பதிலில்தான் அது தயாராக இல்லை.

வகுப்பில் இதை ஸ்வர்ஷெனி, நேஸ்வர்ஷெனி என்று இரண்டு பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில். ஸ்வர்ஷெனி முடிந்த செயல், நேஸ்வர்ஷெனி முடியாத செயல் என்கிறார்கள், ஆனால் நேற்று நடந்தது எல்லாமே முடிந்ததுதானே? இதோடு ஏழு பாதெஜ் வேறு, அதாவது வேற்றுமை. அட்டவணையைப் பார்த்தாலே மூச்சு முட்டுகிறது. அடுத்த நிலைத் தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கிறது. இந்த வழியில் முன்னால் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். (சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், நமக்கு ப, த, க ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து என்பதால் உச்சரிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.)

கடலோரம் எழுதியது:

தம்பி, முதலில் வாழ்த்துகள். நான் ரியெக்காவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன், நீ சொன்ன அந்த இரண்டு சம்பவமும் எனக்கும் வேறு வேறு வடிவில் நடந்தவைதான். நான் எப்போது தெளிந்தேன் என்றால், ஆங்கிலத்தை நடுவில் இருந்து எடுத்துவிட்டு நேராகத் தமிழில் யோசிக்க ஆரம்பித்த பிறகு.

உன் தேர்வையே எடுத்துக்கொள். "தேர்வு எழுதினேன், ஆனால் தேறவில்லை" என்று தமிழில் சொல்லலாம் இல்லையா? "பொலாகாவோ ஸம், அலி நிஸம் பொலொஜியோ", அதே வாக்கியம். எழுதுவது முயற்சி, தேறுவது அதன் முடிவு. இரண்டுக்கும் நமக்குத் தனித்தனிச் சொல் இருக்கிறது. அதே மாதிரி "படித்தேன் படித்தேன், ஏறவே இல்லை" என்று சொல்வோமே, அதில் படித்தது "ஊச்சியோ ஸம்", ஏறுவது "நவூச்சித்தி". நேற்று நடந்தது எல்லாம் முடிந்ததுதானே என்று நீ கேட்டதற்கு இதுதான் பதில்: காலம் வேறு, இது வேறு. இறந்த காலத்திலும் செயலை உள்ளே நின்று ஓடிக்கொண்டிருப்பதாகப் பார்க்கலாம், வெளியே நின்று முழுசாக, முடிவோடு சேர்த்துப் பார்க்கலாம். இந்த இலக்கணத்துக்கு அவர்கள் வைத்த பெயரே "வீத்", பார்வை என்று பொருள்.

நம்மிடம் இந்தப் பார்வையைத் துணைவினை காட்டுகிறது. சமைத்துக்கொண்டிருந்தேன், சமைத்து முடித்தேன், சமைத்துவிட்டேன். அவர்கள் சொல்லின் தலையில் ஒரு துண்டை ஒட்டுகிறார்கள், இல்லாவிட்டால் நடுவில் மாற்றுகிறார்கள். கூஹத்தி, ஸ்கூஹத்தி. பிஸத்தி, நாப்பிஸத்தி. ச்சித்தத்தி, ப்ரொச்சித்தத்தி. கூப்பித்தி என்றால் ஒரு தடவை வாங்குவது, குப்போவத்தி என்றால் வாங்கிக்கொண்டிருப்பது அல்லது வழக்கமாக வாங்குவது. தினமும் ரொட்டி வாங்குகிறேன் என்றால் "குப்புயெம் க்ரூஹ்", நேற்று வாங்கினேன் என்றால் "கூப்பியோ ஸம் க்ரூஹ்".

நேரம் சொல்லும் இடத்தில் இன்னும் பளிச்சென்று தெரியும். "இரண்டு மணி நேரம் படித்தேன்", "இரண்டு மணி நேரத்தில் படித்து முடித்தேன்". முதலாவது "ச்சித்தாவோ ஸம் த்வா ஸாத்தா", இரண்டாவது "ப்ரொச்சித்தாவோ ஸம் ஸா த்வா ஸாத்தா". தமிழில் "நேரம்", "நேரத்தில்" என்று நாம் மாற்றுவது போலத்தான் அங்கே "ஸா" வந்து சேர்கிறது. மறுப்பிலும் அப்படியே: "நிஸம் ச்சித்தாவோ" என்றால் படிக்கவே இல்லை, "நிஸம் ப்ரொச்சித்தாவோ" என்றால் படித்து முடிக்கவில்லை.

சமையலறையில் நீ தினமும் கேட்கும் இன்னொன்று. அடுப்பைத் திற என்றால் "ஒத்வோரி பெச்னிட்ஸு", திறக்காதே என்றால் "நேமொய் ஒத்வாரத்தி". ஏவலில் ஸ்வர்ஷெனி, விலக்கும்போது பெரும்பாலும் நேஸ்வர்ஷெனி. ஆனால் "நேமொய் ஸபொராவித்தி", "நேமொய் ஸே பொரேஸத்தி" இரண்டும் ஸ்வர்ஷெனி. ஏன் என்று நான் மூன்று பேரிடம் கேட்டேன், அப்படித்தான் சொல்வோம் என்றார்கள். ஒரு நாள் வீட்டில் பிள்ளையிடம் தமிழில் பேசும்போது எனக்கே விளங்கியது. மறந்துவிடாதே. வெட்டிக்கொண்டுவிடாதே. விழுந்துவிடாதே. வேண்டுமென்று செய்யாத, கை தவறி நடக்கக்கூடிய காரியத்தை எச்சரிக்கும்போது நாமும் "விடு" போடுகிறோம், அவர்களும் அங்கே ஸ்வர்ஷெனி போடுகிறார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது, அடுப்பில் பாலை மறந்துவிட்டேன்.

வேற்றுமைத்தொகை எழுதியது:

கடலோரம் அக்கா சொன்னதில் கடைசிப் பகுதி அருமை, நான் எங்குமே படித்ததில்லை. ஆனாலும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். "விடு" வரும் இடமெல்லாம் ஸ்வர்ஷெனி, வராத இடமெல்லாம் நேஸ்வர்ஷெனி என்று யாரும் சூத்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழில் துணைவினை விருப்பம்தான். "கடிதம் எழுதினேன்" என்று மொட்டையாகச் சொல்லலாம், முடித்தாயா இல்லையா என்று கேட்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். குரோவேஷியனில் அந்த வசதி இல்லை. எதிர்காலம், ஏவல், "எழுத வேண்டும்" என்ற இடம், எல்லாவற்றிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். நாளைக்கு எழுதுவேன் என்பது "பிஸத் ச்சு" ஆகவும் இருக்கலாம், "நாப்பிஸத் ச்சு" ஆகவும் இருக்கலாம், முதலாவதில் எழுதும் வேலை நடக்கும், இரண்டாவதில் எழுதியது கையில் இருக்கும். (முடிவில் கையில் என்ன இருக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்.)

எதிர்மாறான இடமும் உண்டு. "சாப்பிட்டாயா?" என்பதற்கு "யேஸி லி யேயோ?" என்றுதான் கேட்பார்கள், நேஸ்வர்ஷெனி. சாப்பாடு ஆயிற்றா என்ற பொதுக் கேள்வி அது. "யேஸி லி பொயேயோ?" என்றால் தட்டில் வைத்ததைத் தின்று முடித்தாயா என்று ஆகும். அந்தப் புத்தகத்தை எப்போதாவது படித்திருக்கிறாயா என்பதற்கும் நேஸ்வர்ஷெனிதான்.

இன்னும் இரண்டு சங்கதி இருக்கிறது, இவை தவறினால் உடனே காதில் இடிக்கும். ஸ்வர்ஷெனியின் நிகழ்கால வடிவம் "இப்போது செய்கிறேன்" என்பதற்கு வராது. என்ன செய்கிறாய் என்று கேட்டால் "கூஹம்", ஒருபோதும் "ஸ்கூஹம்" இல்லை. "காத் ஸ்கூஹம் யூஹு", அதாவது சூப் வைத்து முடித்ததும், என்று எதிர்பார்க்கும் இடத்தில்தான் அது வரும், அல்லது "தா", "அக்கோ" போன்ற சொற்களுக்குப் பின்னால். அப்புறம், தொடங்கு, நிறுத்து, தொடர் என்ற பொருளுள்ள வினைகளுக்குப் பின்னால் எப்போதும் நேஸ்வர்ஷெனி. "பொச்செயோ ஸம் ச்சித்தத்தி", படிக்க ஆரம்பித்தேன். "படித்து முடிக்க ஆரம்பித்தேன்" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், நாக்கே தடுக்கும்.

சரி, வேற்றுமைக்கு வருகிறேன், என் மனசுக்குப் பிடித்த பகுதி இது. நமக்கு எட்டு, அவர்களுக்கு ஏழு. எட்டு எப்படி ஏழாகிறது என்றால், நம்முடைய ஐந்தும் ஆறும் அங்கே ஒன்று. "இஸ் இந்தியே" என்றால் இந்தியாவிலிருந்து, "க்லாவ்னி க்ராத் இந்தியே" என்றால் இந்தியாவின் தலைநகரம், இரண்டிலும் வடிவம் "இந்தியே"தான், கெனிதிவ். மற்றதெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் விளி உட்பட: இவான் என்பவரைக் கூப்பிட்டால் "இவானே", டாக்டரைக் கூப்பிட்டால் "தோக்தோரே". மகனே, முருகா என்று கூப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் கற்க என்ன இருக்கிறது.

இரண்டாம் வேற்றுமையில் "புத்தகம் வாங்கினேன்" என்று ஐ இல்லாமல் சொல்வோம், "அண்ணன் பார்த்தேன்" என்று சொல்ல மாட்டோம். அங்கேயும் ஆண்பால் ஒருமையில் உயிர் உண்டா இல்லையா என்று பார்க்கிறார்கள். "வீதிம் க்ராத்", நகரத்தைப் பார்க்கிறேன், மாற்றமே இல்லை. "வீதிம் ப்ராத்தா", சகோதரனைப் பார்க்கிறேன், உருபு ஏறிவிட்டது. நாய்க்கும் ஏறும், அவர்களுக்கு அஃறிணை உயர்திணை கணக்கு இல்லை, உயிர்தான் கணக்கு. பெண்பால் சொல்லில் ஆ போய் உ வரும், காவா காவு ஆகும்.

மூன்றாம் வேற்றுமைக்கு ஆல் என்றும் ஒடு என்றும் இரண்டு உருபு படித்தோம் அல்லவா, கருவிக்கு ஒன்று, உடன் வருவதற்கு ஒன்று. அவர்களுடைய இன்ஸ்த்ருமெந்தாலும் அதே இரண்டு வேலையைச் செய்கிறது. கருவி என்றால் வெறும் உருபு: "ரேஜெம் நோஜெம்", கத்தியால் வெட்டுகிறேன். உடன் வருவது என்றால் முன்னால் "ஸ்" சேரும்: "ஸ் ப்ராத்தொம்", சகோதரனோடு. "ஸ் நோஜெம்" என்றால் கத்தியோடு, அதாவது கத்தியும் கையுமாக ஒருவன் வருகிறான். வெட்டும் வேலையைச் சொல்லும்போது அந்த "ஸ்" வேண்டாம்.

நான்காவதில் ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் திணறுவார்கள், நாம் திணறவே கூடாது. "ஹ்லாத்னோ மி யே", எனக்குக் குளிருகிறது. "ஸ்வீஜா மி ஸே", எனக்குப் பிடித்திருக்கிறது. "ஸ்பாவா மி ஸே", எனக்குத் தூக்கம் வருகிறது. "த்ரேபா மி நோஜ்", எனக்குக் கத்தி வேண்டும். அந்த "மி" எல்லாம் நம்முடைய "எனக்கு"தான். ஒரே ஒரு இடத்தில் கவனம்: தலைவலிக்கு "போலி மே க்லாவா" என்பார்கள், "மி" இல்லை "மே", என்னைத் தலை வலிக்கிறது என்பது போல.

ஏழாவதில் பள்ளியில், பள்ளிக்கு என்று நாம் பிரிப்பதை அவர்கள் முன்னால் உள்ள சொல்லை மாற்றாமல் உருபை மட்டும் மாற்றிப் பிரிக்கிறார்கள். "ஊ ஸாக்ரெபு", ஸாக்ரெபில். "ஊ ஸாக்ரெப்", ஸாக்ரெபுக்கு. இதுவரை சரி. ஆனால் "மேசை மேல் வை", "மேசை மேல் இருக்கிறது" என்று தமிழில் இரண்டுக்கும் ஒரே வடிவம், அங்கே "ஸ்தாவி ந ஸ்தோல்", ஆனால் "ந ஸ்தோலு யே". மேல், கீழ், முன் எல்லாவற்றிலும் போகிறதா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ் நம்மைக் கைவிடும் இடம் இது, என் தவறுகளில் பாதி இங்கேதான்.

பனைநிழல் எழுதியது:

இருவரும் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள், நான் எண்களைப் பற்றி மட்டும். ஒன்று என்றால் ஒருமை, இரண்டு மூன்று நான்குக்கு ஒரு வடிவம், ஐந்திலிருந்து பன்மைக் கெனிதிவ். யேதன் ஸாத், த்வா ஸாத்தா, பேத் ஸாத்தி. காப்பி என்றால் யெத்னா காவா, த்வியே காவே, பேத் காவா. பழைய நாணயமான கூனா புழங்கிய நாளில் கடையில் த்வியே கூனே, பேத் கூனா என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருந்தது, 2023 ஜனவரி 1 முதல் யூரோ வந்த பிறகு த்வா எவுரா, பேத் எவுரா என்று எழுத்தில் ஒன்றாகிவிட்டது, புதிதாக வருபவர்களுக்கு அது ஒரு நிம்மதி.

அட்டவணையாகப் படிக்காமல் ஊர்ப் பெயரோடு படியுங்கள் என்பது என் அனுபவம். ரியெக்கா, ஆனால் "ஊ ரியெட்ஸி", க ட்ஸ ஆகிறது. ஸாதர், ஆனால் "ஊ ஸாத்ரு", நடுவில் இருந்த அகரம் ஓடிவிடுகிறது. தீவுக்கு "ந": ஹ்வார் தீவில் என்றால் "ந ஹ்வாரு", அதே பெயருள்ள ஊருக்குள் என்றால் "ஊ ஹ்வாரு". நான்கு ஊருக்கு டிக்கெட் எடுத்தால் நான்கு விதி படிந்துவிடும்.

புது வினையைக் குறித்துக்கொள்ளும்போது ஹர்வாத்ஸ்கி யெஸிச்னி போர்த்தால் என்ற இணைய அகராதியில் தேடுங்கள், ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் ஸ்வர்ஷ். அல்லது நேஸ்வர்ஷ். என்று போட்டிருக்கும். தலையில் ஒட்டும் துண்டு சில சமயம் பொருளையே மாற்றிவிடும் என்பதால் இது அவசியம். பிஸத்தி எழுதுவது, பொத்பிஸத்தி கையெழுத்துப் போடுவது, ப்ரெப்பிஸத்தி பார்த்து எழுதுவது, ஓப்பிஸத்தி விவரிப்பது. இவை "எழுதி முடித்தேன்" ஆகாது, ஒவ்வொன்றும் தனி வினை, ஒவ்வொன்றுக்கும் பொத்பிஸீவத்தி மாதிரி சொந்த நேஸ்வர்ஷெனி உண்டு. ஒப்பந்தத் தாளில் கையெழுத்துக் கேட்கும்போது எந்த வினை காதில் விழுகிறது என்று கவனியுங்கள்.

அடுப்படி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று தடவை படித்தேன், இப்போது நோட்டில் ஆங்கிலத்தை அடித்துவிட்டு ஜோடி ஜோடியாகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். "மறந்துவிடாதே" பகுதியை இன்று வேலையில் சோதித்துப் பார்த்தேன், அரை நாளில் "நேமொய்" நான்கு தடவை காதில் விழுந்தது, மூன்று நேஸ்வர்ஷெனி, ஒன்று "நேமொய் பாஸ்தி", தரை ஈரமாக இருந்தபோது. விழுந்துவிடாதே!

சொந்தமாக நான்கு வாக்கியம் எழுதியிருக்கிறேன், திருத்துங்கள். "பொலொஜியோ ஸம் இஸ்பித்." "ஸ்வாக்கி தான் இதெம் ந போஸாவோ ஸ் அவுத்தோபுஸொம்", தினமும் பேருந்தில் வேலைக்குப் போகிறேன். "பொச்செயோ ஸம் நவூச்சித்தி ஹர்வாத்ஸ்கி", குரோவேஷியன் கற்க ஆரம்பித்தேன். "ஸ்பாவா மி ஸே."

இன்னொரு சந்தேகம். கிளம்பும்போது எல்லோரும் "ஒதோஹ்" என்கிறார்கள். வகுப்பில் படித்த எந்தக் காலத்திலும் இது இல்லை.

கடலோரம் எழுதியது:

முதலும் கடைசியும் சரி. இரண்டாவதில் "ஸ்" எடுத்துவிடு, பேருந்து கருவி, உடன் வரும் ஆள் இல்லை: "இதெம் ந போஸாவோ அவுத்தோபுஸொம்". தெருவில் "ஸ் அவுத்தோபுஸொம்" என்று இந்த ஊர்க்காரர்களே சொல்லக் கேட்பாய், தேர்வில் எழுதாதே. மூன்றாவது, மேலே வேற்றுமைத்தொகை சொன்னதுதான், ஆரம்பித்தேன் என்றால் பின்னால் நேஸ்வர்ஷெனி: "பொச்செயோ ஸம் ஊச்சித்தி". தமிழில் "கற்க" என்று எழுதியதால் உனக்கு நாக்குத் தடுக்கவில்லை, "கற்று முடிக்க ஆரம்பித்தேன்" என்று சொல்லிப் பார்த்திருந்தால் தடுத்திருக்கும்.

"ஒதோஹ்" பழைய இறந்த காலம், அயோரிஸ்த் என்று பெயர். பேச்சில் பெரும்பாலும் "ஸம்" சேர்த்த பெர்ஃபெக்த்தான் புழங்குகிறது, அதனால் ஆரம்ப வகுப்பில் அயோரிஸ்த் வராது, ஆனால் ஒதோஹ், ஸ்தீகோஹ் (வந்து சேர்ந்தேன்) மாதிரி சில சொற்கள் பேச்சிலும் குறுஞ்செய்தியிலும் உயிரோடு இருக்கின்றன. இன்னும் நாற்காலியை விட்டே எழுந்திருக்க மாட்டார், ஆனால் "ஒதோஹ்" என்பார். போனில் "இதோ கிளம்பிவிட்டேன்" என்று நாம் வீட்டுக்குள் நின்றபடியே இறந்த காலத்தில் சொல்வோமே, அதேதான்.